எட்டு மணிப் பூவோடு சண்டை போட்டவர்

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி எழுத உன்னை யாரு கேட்டா?" என்று எங்கிருந்தாலும் கிளம்பி வந்துவிடுவார். வந்து வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றாமல் சண்டை போடுவார். உள்ளே வந்து உட்கார்ந்து சண்டை போடுவது அவருக்குப் பிடிக்காது. "உக்காந்தா கோவம் எறங்கிடும்" என்பார்.

உலு திராமில், தாமான் என்கிற எங்கள் குடியிருப்பில், பக்கத்து வீடு அவருடையது. நடுவில் ஒரே சுவர். காலையில் அவர் பால் காய்ச்சும்போது பாலைத் திட்டுவது எனக்குக் கேட்கும். "பொங்கு. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் பொங்கு. அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்க." மழையைத் திட்டுவார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைத் திட்டுவார். துணி காயவில்லை என்று வெயிலைத் திட்டி, வெயில் வந்த பிறகு இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று மறுபடியும் திட்டுவார்.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றவள். தம்போயில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினேனா என்று நினைப்பு வந்துவிடும். பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். இப்படிப்பட்டவளுக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு.

ஒருமுறை கிளினிக்கில் என் நம்பரைக் கூப்பிடவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஏதோ பெரிய நோய் போலிருக்கிறது, சொல்ல மனமில்லாமல் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வந்த அக்கா எழுந்து போய் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றினார். தமிழும் மலாயும் கலந்து கேட்டார். அந்தப் பெண் பொறுமையாக என் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். நான் வந்திருக்க வேண்டியது மறுநாள்.

அக்கா அசரவில்லை. "நாளைக்கு வர வேண்டியவ இன்னைக்கே வந்து உக்காந்திருக்கான்னா எவ்வளவு பயந்திருப்பா. அதக் கேக்கணும்னு தோணல உங்களுக்கு."

அன்றைக்கே பார்த்து அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் வழி நெடுக எனக்குத் திட்டு. "தேதி பாக்கத் தெரியாதா? தெரியலன்னா கேக்க வாயில்லையா? அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சுச்சு, பாவம், அதப் போயி திட்ட வச்சுட்டியே."

இவர் ஏன் இப்படி என்று ரொம்ப நாள் எனக்குப் புரியாமல்தான் இருந்தது. அவருடைய மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புரிந்தது. நான் பயந்தால் வாயை மூடிக்கொள்வேன். அவர் பயந்தால் வாயைத் திறப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே மகன். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவன். மழையில் ஒரு லோரி அவனைத் தட்டிவிட்டுப் போனது. நெஞ்சிலும் தலையிலும் அடி. தொண்டையில் குழாய் வைத்து, மெஷின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டே அக்கா வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டார் என்றா சொல்வது, எங்கள் தாமான் அம்மனிடம் பஞ்சாயத்து பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இங்க பாரு. மெஷின் இல்லாம அவன் தானா மூச்சு விடணும். விட்டான்னா, என் கொடியில தானா காய்க்கிற பூசணிய வருசா வருசம் ஆடிக்குக் கொண்டாந்து உன் சோத்துப் பானையில போடறேன். கடையில வாங்க மாட்டேன். காய்க்க வைக்க மாட்டேன். அவன் எப்படித் தானா மூச்சு விடறானோ, அதே மாதிரி தானா காய்ச்சது."

சத்தத்தைக் குறைக்கும்படி ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ், வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் மூச்சு விட்டான். எழுந்தான், நடந்தான். ஒரு கால் மட்டும் கொஞ்சம் மடங்காது. மறுபடியும் அதே சிங்கப்பூர், அதே மோட்டார். விடியுமுன் அவன் கிளம்பும்போது அக்கா கேட்டில் நின்று மோட்டாரைத் திட்டுவார். "ஒழுங்கா ஓடு. ரோட்டப் பாத்து ஓடு. உன்ன ஒடச்சு பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்." அந்தச் சத்தம் முனை திரும்பி மறையும் வரைக்கும் திட்டிக்கொண்டே இருப்பார். அடுத்தடுத்து இரண்டு ஆடிக்குப் பூசணி போனது. மஞ்சள் பூசணி, இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போவார். கோயிலில் அன்னதானச் சாம்பாருக்கு அதை நறுக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

கொடி இருந்தது எங்கள் பின்பக்கம், லோங்காங் என்கிற சாக்கடையைத் தாண்டி. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பட்டை நிலம், ஒரு கம்பி வேலி. அந்த வேலியில்தான் படர விட்டிருந்தார்.

மூன்றாம் வருடம் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு அழகு பற்றிய யோசனை வந்தது. அவரும் தமிழர்தான், தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமான்களுக்குள் ஏதோ துப்புரவுப் போட்டி. செம்பனைத் தோட்டங்களில் புழுவைத் தின்னுகிற பூச்சிகளை வரவழைப்பதற்காக ஓரம் முழுக்க ஒரு பூச்செடி வைத்திருப்பார்களே, அதில் கிளைகளை வெட்டி வந்து லோங்காங் ஓரம் நெடுக நட்டார். எட்டு மணிப் பூ. மலாயிலும் அதற்கு அதே பெயர்தான். காலை எட்டு மணி வாக்கில் மொத்தமாக விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். வெள்ளை இதழ், நடுவில் கறுப்பும் மஞ்சளும். எங்கள் நாற்றம் பிடித்த லோங்காங் திடீரென்று கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

அக்காவின் கொடியில் பிஞ்சு நிற்கவில்லை.

பூவுக்குக் கீழே குட்டியாகப் பிஞ்சு இருக்கும். பூ வாடும், பிஞ்சு மஞ்சளாகும், விழுந்துவிடும். ஒன்று, இரண்டு என்று இல்லை, எல்லாமே. எனக்கு உடனே கண்ணேறு என்று தோன்றியது, சொல்லப் பயந்துகொண்டு உரம் பற்றிக் கேட்டேன்.

"உரம் போதும். வாய மூடிக்கிட்டு இப்படி வந்து பாரு."

ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் காலையெல்லாம் உட்கார்ந்திருந்தார். பூசணிப் பூ இருட்டோடு விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் தூளை வண்டு கொண்டுபோய்ப் பெண் பூவின் நடுக் குமிழில் பூச வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு வெள்ளைப் பூக்கள் விரிந்ததும், தேனீயும் வண்டும் இங்கே ஒரு பூ, அங்கே பத்துப் பூ என்று அலைந்தன. பூசணிப் பூவுக்குத் திரும்பி வரும்போது காலெல்லாம் அந்தப் பூவின் தூள்.

அக்கா ஒரு பெண் பூவைப் பிளந்து காட்டினார். குமிழ் மேல் மாவு பூசியது மாதிரி இருந்தது. பூசணித் தூள் பருமனாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இது நைசாக வேறு மஞ்சள்.

"வாய் நெறைய மண்ண அடைச்சுட்டா அப்புறம் சோறு வந்து என்னத்துக்கு?"

அதோடு விடவில்லை. லோங்காங்கைத் தாண்டிப் போய் வெள்ளைப் பூச்செடிகளையும் பிரித்துப் பார்த்தார். வேலியை ஒட்டி இருந்தவற்றில் விதைக்காய்கள் பாதி சூம்பிக் கிடந்தன. தள்ளி, தலைவர் வீட்டுப் பக்கம் இருந்ததெல்லாம் நன்றாக விதை கட்டியிருந்தன.

"நம்ம தூளு அது வாயில. அது தூளு நம்ம வாயில. அதுவும் கட்டல, இதுவும் கட்டல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுத்துக்கிட்டு நிக்குதுங்க, கொழுப்பெடுத்ததுங்க. கொழுத்தது வண்டு மட்டுந்தான்."

மகன் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ம்மா, ரெண்டுமே அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்ததாம்மா. ரெண்டுக்குமே இது ஊரு இல்ல."

"வந்த எடத்துல ஒழுங்கா இருக்க வேண்டியதுதானே. எதுக்கு இந்தச் சண்டை?"

"நீங்க சொல்றீங்களாம்மா இத?"

அவன் முதுகில் ஒன்று விழுந்தது.

அக்கா தலைவர் வீட்டுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வழக்கம்போல வாசலில் நின்றார். ஆனால் அன்றைக்கு அவர் சண்டை போடப் போகவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"தலைவரே, செடியப் புடுங்கச் சொல்லல. வேலியோரம் இருக்கற பூவ மட்டும், வெடிக்கறதுக்கு முன்னாடி மொட்டா கிள்ளிக்கறேன். ஒரு காய் நிக்கற வரைக்கும். அப்புறம் உங்க பூ, உங்க தாமான்."

"ஏம்மா, போட்டிக்குப் பாக்க ஆள் வர்ற நேரம். ஒரு பூசணிக்கா தானே லா. பாசார் மாலாம்ல வாங்கிக்க வேண்டியதுதானே."

"பாசார் மாலாம்ல மகன் விக்கறாங்களா?"

தலைவருக்கு வேண்டுதல் தெரியும். எங்கள் லோரோங்கில், அந்தத் தெருவில், எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் சிரித்தார். "எதுக்கு எதைம்மா முடிச்சுப் போடறீங்க. அப்படிப் பாத்தா, அந்தப் பக்கம் என் செடிக்கு விதை வரலன்னு நீங்களே சொல்றீங்க. அடுத்த லோரோங்குக்குப் போட விதை எடுக்கலாம்னு இருந்தேன். உங்க கொடியாலதான் வரலன்னா, நான் கொடிய வெட்டச் சொல்லலாமா?"

"வெட்டுங்க, பாப்போம்."

பிறகுதான் சண்டை. அதை எழுதினால் அச்சில் வராது.

மறுநாள் லோங்காங் ஓரம் பூக்களைப் பறிக்கக் கூடாது என்று பலகை வந்தது. தமிழில் மட்டும். அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களும் சீனர்களும் பறிக்க மாட்டார்கள் என்று தலைவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் லோரோங்கில் தமிழ்க் குடும்பங்களே நாலைந்துதான். அதில் பூக் கட்சி, பூசணிக் கட்சி. வாட்ஸாப்பில் பூசணி படம் போட்டு, "ஆத்தா வர்றாங்க, பூவ மூடுங்க" என்று எழுதிச் சிரித்தார்கள். நாங்களும் வேறு மண்ணிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் காய்க்க விடாமல் செய்வதை எங்களுக்கு எந்தச் செடியும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தக் காய் வராவிட்டால் அவர் மனதில் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆடி வந்துவிடும். கையில் காய் இருக்காது. மகன் மோட்டாரில் போய்க்கொண்டிருப்பான்.

எல்லாரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, விடிகாலையில் பெண் பூவில் தேய்த்துவிட்டால் முடிந்தது வேலை. பூசணி போடுகிற எல்லாரும் செய்வதுதான். கடைசியில் நானும் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவன் தானா மூச்சு விட்டான்ல?"

"சாமி அவ்வளவு நுணுக்கமாவா பாக்கும்?"

"நான் பாப்பேன்."

எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா? தூக்கிப் போட முடியாத ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவளையும் சேர்த்துப் பயமுறுத்திக்கொண்டு. அந்த வாரமெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கடையில் என் கை நின்றுவிடும். ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கி முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

அதைவிடப் பயம் தந்தது இன்னொன்று. காலையில் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்கும். அக்காவின் குரல் கேட்காது. எட்டிப் பார்த்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோட்டார் முனை திரும்பிப் போன பிறகும் அப்படியே. வாயைத் திறக்கவில்லை. அவர் திட்டாமல் அவனை அனுப்பி நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம். துணி காயப்போடப் பின்பக்கம் வந்தேன். வேலியோரம் அவருடைய மகன். மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு குனிந்திருந்தான். கையில் இதழ் கிழித்த ஆண் பூ. பெண் பூவுக்குள் விட்டு, காதில் மருந்து போடுவது மாதிரி மெதுவாகத் திருப்பினான். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான்.

"ஆன்ட்டி, சொல்லிடாதீங்க."

"கேட்டா?"

"உங்களக் கேக்க மாட்டாங்க. நீங்க எப்பவும் பயந்த மாதிரியே இருக்கறதால வித்தியாசம் தெரியாது."

அந்தப் பிஞ்சு நின்றது. பச்சையாகவே இருந்து, கையளவு ஆனது, பிறகு தலையளவு ஆனது. அக்கா என் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். காலையில் மோட்டாருக்கு மறுபடியும் திட்டு விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை அவர் "தானா நின்னுச்சு பாத்தியா" என்று சொல்லும்போதும் நான் கேஸை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன்.

தலைவருடைய போட்டி வந்தது, போனது. எங்கள் தாமானுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பலகை நின்றது.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள், காயைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா கம்பி இடுக்கிலிருந்து எதையோ எடுத்தார். உலர்ந்துபோன ஆண் பூ. காம்பும் நடுத் தண்டும் இருந்தன, இதழ் இல்லை.

"ஏய். வண்டு இதழக் கிழிச்சுப் போட்டுட்டா வேலை பாக்கும்?"

நான் குனிந்து அவர் பிடுங்கிய புல்லை அள்ளினேன். என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அந்தக் காம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

"யாரக் கேட்டுக் கை வச்ச?"

"ம்மா, உக்காருங்க."

"உக்கார மாட்டேன். தானா காய்க்கிறதுன்னு சொல்லிருக்கேன். நீ தானா மூச்சு விட்டதுக்கு, தானா காய்க்கிறது. அதுல போயி கை வச்சிருக்க. நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"நான் தானா மூச்சு விட்டேன்னு யாரும்மா சொன்னது?"

அவனே தொடர்ந்தான்.

"ரெண்டு மிஸ்ஸிங்க தெனம் வந்து நெஞ்சத் தட்டித் தட்டி சளி எடுத்தாங்க. பொரட்டிப் போட்டாங்க. கொழாய எடுத்துட்டு, இழு, விடு, இழு, விடுன்னு கைய வச்சுக்கிட்டே சொன்னாங்க. தானா ஒண்ணும் வரலம்மா. அத்தன பேரு கை வச்சுத்தான் வந்துச்சு. நீங்க கண்ணாடிக்கு வெளிய இருந்தீங்க, பாக்கல."

அக்கா கேட்டார். "அப்ப நான் வேண்டிக்கிட்டது?"

"அதுவும் ஒரு கைதாம்மா."

ஏதோ ஒரு பாத்திரம் சுவரில் வந்து விழுந்தது. என் பக்கத்துச் சாமி படம் ஆடியது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ அவர் காயைப் பிடுங்கி எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொடியைத் தாண்டும்போதெல்லாம் காய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். இருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை காலையில் காம்போடு வெட்டி, கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்தார். மகன் தூக்க வந்தான், கையைத் தட்டிவிட்டார். தானே இடுப்பில் ஏற்றிக்கொண்டார். கோயில் வரைக்கும் நான் பின்னால் போனேன். பொய் சொல்லப் போகிறாரோ என்று ஒரு பயம், உண்மையைச் சொல்லப் போகிறாரோ என்று இன்னொரு பயம். தலைவரும் வரிசையில் இருந்தார். எங்களுக்கு முன்னால், வெள்ளைச் சட்டையும் கையில் பூமாலையுமாக.

எங்கள் முறை வந்தது. பூசாரி காய்க்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே அம்மனையே பார்த்தார். கும்பிடவும் இல்லை, இடுப்பில் காய், கும்பிடக் கை ஏது.

"இது தானா காய்க்கல," என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "பொய் சொல்லி உன் பானையில போட மாட்டேன். என் மகன் கை வச்சுக் காய்ச்சது. அந்தக் கை நீ எனக்குத் திருப்பிக் குடுத்த கை. அது தொட்டத வேணாம்னு சொல்றதா இருந்தா, வா. வெளிய வந்து என் மூஞ்சப் பாத்துச் சொல்லு."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பூசாரி தட்டைப் பிடித்தபடி நின்றார். தலைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தரையில் போட்டுக்கொண்டார்.

யாரும் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு காயை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, சமையல் கொட்டகையை நோக்கி நடந்தார்.